கட்டத்தில் இல்லாத மிடறு

சுல்மா தெச்சேரா பாலில் கெட்டிப்படுத்தும் பொடியை ஒன்றரைக் கரண்டி போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கலக்கினாள். கட்டி தட்டக் கூடாது, தண்ணீராக ஓடவும் கூடாது. கரண்டியைச் சாய்த்தால் தேன் மாதிரி விழ வேண்டும். பைசாந்தூ ஊரின் சௌசே முதியோர் இல்லத்தில் பதினோரு வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறவள் அவள். அவள் கலக்கியதில் இதுவரை யாரும் குறை கண்டதில்லை.

"இந்தாங்க தோன் தார்தோ, பால்."

"பால்... இல்ல. பசை," என்றார் தார்தோ எச்சேவெரி. 'தோன்' என்பது எங்கள் ஊரில் பெரியவர்கள் பேருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல்.

"பசைதான். உள்ள போய் நல்லா ஒட்டிக்கும். வாயைத் திறங்க."

தார்தோ முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினார். மனிதர் நாற்பது வருடம் மாட்டு ஏலம் விட்டவர். ஒரே மூச்சில் முப்பது காளைக்கு விலை கூவுவார் என்று பெயர். மூன்று வாரத்துக்கு முன் லேசான பக்கவாதம் வந்தது. வலது கையும் நாக்கும் பாதி போயின. இப்போது ஒரு சொல் வெளியே வந்து அடுத்தது வருவதற்குள் கேட்கிறவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வரலாம். புத்தி மட்டும் பழைய புத்திதான். ஆனால் நாக்கு மந்தமானால் மூளையும் மந்தம் என்று முடிவு கட்ட எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமா? அவரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே, "அவர் சாப்பிட்டாரா? அவர் தூங்கினாரா?" என்று அடுத்தவரிடம் விசாரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் விழுங்கும் சக்தியைச் சோதித்துவிட்டு, எந்தத் திரவமும் மெலிதாகக் கொடுக்கக் கூடாது என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். இல்லத்தின் தலைமை நர்ஸ் நோர்மா ஒலிவேரா அதை ஒரு சார்ட்டாக அச்சடித்து, கட்டிலருகே ஒன்றும் சமையல்கட்டில் ஒன்றும் ஒட்டினாள். தண்ணீர், பால், காப்பி, பழச்சாறு, சூப் என்று ஐந்து கட்டம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு கொடுத்தது, பொடி கலந்தது யார், கையெழுத்து. ஒட்டிவிட்டு, "எல்லாரும் படிச்சுக்கங்க," என்றாள். அதோடு முடிந்தது.

ஏன் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நோர்மாவிடம் ஒன்றைக் கேட்டால், "இத்தனை வருஷமா இங்க என்னதான் பண்ணினே?" என்று பதில் வரும். அதை ஒருமுறை வாங்கியவள் அடுத்த முறை கேட்க மாட்டாள்.

மாலை நான்கு மணிக்கு ஷிஃப்ட் மாறும். நான்கு மணி என்றால் மாத்தே. சுல்மாவின் பையிலிருந்து சுரைக்குடுவை வெளியே வரும், கசப்பு இலைத்தூள் வரும், அக்குளில் இடுக்கிய பிளாஸ்கிலிருந்து வெந்நீர் இறங்கும். உலோகக் குழலைச் செருகி ஒருவர் உறிஞ்சி முடித்துக் கொடுத்தால், மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்தவர் கைக்குப் போகும். கூடத்தில் போகிற ஷிஃப்டும் வருகிற ஷிஃப்டும் முதியவர்களோடு வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். யார் தூங்கவில்லை, யாருக்கு மலச்சிக்கல், யார் மருமகளைத் திட்டினார் என்ற சேதி எல்லாம் குடுவையோடு சேர்ந்து சுற்றும். பொறுப்பு கைமாறுவது அப்படித்தான்.

எங்கள் ஆட்களிடம் இன்றைக்கு என்னென்ன குடித்தாய் என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர், காப்பி, ராத்திரி ஒரு கிளாஸ் ஒயின் என்று யோசித்து யோசித்துச் சொல்வான். விடிந்ததிலிருந்து உறிஞ்சித் தீர்த்த இரண்டு லிட்டர் மாத்தேயை அவன் கணக்கில் சேர்க்கவே மாட்டான். ஏமாற்றுகிறான் என்று நினைக்காதீர்கள். மாத்தே குடிப்பது என்பது அவனுக்கு ஆள் துணை மாதிரி. அதைப் போய் யாராவது சார்ட்டில் ஏற்றுவார்களா?

இல்லத்துக்குத் திரும்பி வந்த முதல் வாரம் குடுவை தார்தோவைத் தாண்டிப் போனது. இடது பக்கத்து ஆளுக்குக் கொடுத்து, வலது பக்கத்து ஆளுக்குக் கொடுத்து, நடுவில் அவர். வட்டத்தில் ஒருவரைத் தாண்டிப் போவது என்றால் எங்கள் ஊரில் அது அடித்ததற்குச் சமம். தார்தோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுல்மாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எட்டாம் நாள் அவர் கையில் குடுவையைக் கொடுத்துவிட்டாள்.

அவர் உறிஞ்சினார். முகத்தில் வேலை செய்கிற பாதி சிரித்தது. பிறகு இரண்டு முறை இருமினார்.

"மெதுவா, தோன் தார்தோ! ஏலம் ஒண்ணும் முடிஞ்சுடல," என்றாள் சுல்மா. கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு, மூன்று. தினமும் இருமல். சுல்மா வாயைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு ஊற்றுவாள். பிறகு அவருக்குக் காப்பி கொடுக்கும்போது, ஒரு துளி கூட மெலிதாகப் போகாமல், பொடியை அளந்து போட்டுக் கலக்கிக் கையெழுத்துப் போடுவாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு முரண்பாடு இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. நல்ல மனசுக்காரி செய்கிற தப்பு இப்படித்தான் வெளிச்சத்திலேயே நடக்கும், பத்துப் பேர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. வெள்ளி மதியம் மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்து, ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நுரையீரலில் திரவம் இறங்கி நிமோனியா என்று மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள்.

நோர்மா நேரே சமையல்கட்டுக்குப் போனாள். சமையல்காரி ரோஸ்மாரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை சூப்புல பொடி போட்டியா?"

"போட்டேன். சுல்மாதான் பக்கத்துல நின்னு கலக்கினா, அவளையே கேளு."

"உன் சூப்பைத் தவிர வேற எதுல வரும்? விசாரிச்சு முடியற வரைக்கும் நீ வீட்டுல இரு."

"யாரை விசாரிச்சு? எப்போ?"

"முதல்ல ஏப்ரனைக் கழட்டு."

ரோஸ்மாரி ஏப்ரனைக் கழற்றி, ஈரக் கையோடேயே வெளியேறினாள். சுல்மா அப்போது சமையல்கட்டு வாசலில் மற்ற பெண்களோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. பாவம் என்று நினைத்தாள். சூப்பைத் தான் கலக்கியது நினைவிருந்தது, நன்றாகத்தான் கலக்கினாள். வேறு எதிலோ தப்பு நடந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு துணியை அடுக்கினாள்.

மறுநாள் சனிக்கிழமை நான்கு மணி. வட்டம் கூடியது. தார்தோவின் நாற்காலி காலியாக இருந்தது. சுல்மா வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நோர்மா வந்து நின்றபடியே பேசினாள்.

"நல்லா கேட்டுக்கங்க. பத்து நாளா அவருக்கு மெலிசா ஏதாவது போச்சான்னு டாக்டர் கேட்டார். எதுவுமே போகலன்னு சொல்லி சார்ட்டைக் கொடுத்தேன். எல்லாக் கட்டத்துலயும் கையெழுத்து இருக்கு. நம்ம வீட்டுப் பேச்சு நம்ம வீட்டோட இருக்கட்டும். வெளியில யாராவது கேட்டா, சார்ட்டைப் பாருங்கன்னு மட்டும் சொல்லுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார்கள் எல்லோரும்.

"அந்த மாத்தேயை இப்படிக் குடு," என்று நோர்மா கையை நீட்டினாள்.

சுல்மா குடுவையைக் கொடுத்தாள். நோர்மா உறிஞ்சினாள். சளக் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தில்தான் சுல்மாவுக்கு உறைத்தது. குழல் வழியாக ஏறுவது வெந்நீர். தண்ணீரைவிட ஒரு துளி கெட்டி இல்லாத வெந்நீர். ஏழு நாள், தினமும் இரண்டு மூன்று முறை, தன் கையால். ஒவ்வொரு முறையும் அவர் இருமினார். ஒவ்வொரு முறையும் தான் துடைத்துவிட்டாள்.

பிளாஸ்கை மேசைமேல் வைத்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். நோர்மா குடுவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தூள் பழசாப் போச்சு, மாத்து," என்று சொல்லிப் போய்விட்டாள். சுல்மா தூளை மாற்றினாள்.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் எங்கே வரும்? ஞாயிறு காலை எழுந்து துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். அடுப்பை மூன்று முறை துடைத்தாள். தெருவுக்குப் போய்விட்டு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். பத்து மணிக்கு போன் அடித்தது. தார்தோவின் மகள் இவோன்.

"சுல்மா, அப்பாவோட செருப்பும் ஷேவிங் மெஷினும் அங்கேயே இருக்கு. நாளைக்கு யார்கிட்டயாவது குடுத்து விட முடியுமா?"

"நானே கொண்டு வரேன். எப்படி இருக்கார்?"

"ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்க. காய்ச்சல் இறங்கியிருக்கு. ஆனா... உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சார்ட்டை நானும் பார்த்தேன். ஆனா சார்ட்டைவிட உங்களை நம்பறேன். அப்பாவுக்கு மெலிசா ஏதாவது போச்சா? ஒரு வாய் தண்ணி? மறந்து போய்?"

சுல்மாவின் கண் மேசையிலிருந்த குடுவைமேல் இருந்தது.

"இல்லியே," என்றாள்.

"அப்படின்னா டாக்டர் சொல்றது சரிதான். இவ்வளவு கெட்டியா குடுத்தும் நுரையீரலுக்குப் போகுதுன்னா, இனிமே வாய் வழியா எதுவுமே கூடாதாம். வயித்துல ஓட்டை போட்டு ட்யூப் வெக்கணுமாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருக்காங்க. கை போச்சு, பேச்சு போச்சு. அந்த மனுஷனுக்கு மிச்சம் இருந்தது நாக்குல ருசி ஒண்ணுதான், சுல்மா."

போனை வைத்த பிறகும் சுல்மா நின்ற இடத்திலேயே நின்றாள். தப்பு செய்தது ஒன்று. அது தெரியாமல் செய்தது. இப்போது சொன்ன 'இல்லியே' தெரிந்தே சொன்னது. இதற்கு யாரைப் பழி சொல்வது?

மதியம் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி ஏறி மாவு பொரியும். தெருவே மணத்துக்கொண்டிருந்தபோது ரோஸ்மாரி நனைந்தபடி வந்து கதவைத் தட்டினாள்.

"உள்ள வா, துவட்டிக்கோ."

"உக்கார வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். புதன்கிழமை சூப்பை நீதானே கலக்கினே? சரியா இருந்துதா இல்லியா?"

"சரியாத்தான் இருந்துது."

"அதை நோர்மாகிட்ட சொன்னியா?"

சுல்மா துவாலையை எடுக்கத் திரும்பினாள்.

"ஏண்டி சொல்லல? பத்தொன்பது வருஷமா அந்த அடுப்புல வெந்துக்கிட்டிருக்கேன். பேக்கரிக்காரன் என்னைப் பார்த்து, 'ஏலக்காரருக்கு என்னத்த ஊத்தினே'ன்னு கேக்கறான்! சிரிச்சுக்கிட்டே கேக்கறான்!"

"சொல்றேன், ரோஸ்மாரி."

"எப்போ? அவரைப் புதைச்சப்புறமா?"

ரோஸ்மாரி மழையிலேயே போய்விட்டாள். சுல்மா அவள் பின்னால் வாசல் வரைக்கும் போனாள். கூப்பிட நினைத்தாள், கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும். இந்த ஊரில் நாற்பத்தாறு வயதில், முதியவரைச் சாகடிக்கப் பார்த்தவள் என்ற பெயரோடு, வேறு எந்த இல்லம் சேர்த்துக்கொள்ளும்? சொல்லாவிட்டால் ஒரு மனிதர் தேவையே இல்லாமல் வயிற்றில் ட்யூபோடு கிடப்பார். இதைத் தராசில் வைத்துப் பார்க்கவே கூடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தாள். நாமும் பார்த்திருப்போம், அதனால் அவளை ரொம்பத் திட்ட வேண்டாம்.

திங்கட்கிழமை காலை இல்லத்துக்குப் போய்ச் செருப்பையும் ஷேவிங் மெஷினையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டாள். கொஞ்சம் நடந்தாள். திரும்பி நடந்தாள். பையை வாசலில் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்று பார்த்தாள். காவல்காரர், "உள்ளயா வெளியயா, அம்மா? கதவு தானா சாத்திக்கும்," என்றார். மணி பத்து ஐம்பது. உள்ளே போனாள்.

அறையில் தார்தோ மாஸ்க்கோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டிலின் ஒரு பக்கம் டாக்டர் ஃபாகுந்தெஸ், கையில் காகிதம். நேரடியாகப் பேசுகிற, அவசரக்காரப் பெண்மணி. மறுபக்கம் இவோன். சுவரோரம் நோர்மா, சார்ட் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு. மூவரும் அவர் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சின்ன ஆபரேஷன்தான். அரை மணி நேரம்," என்றார் டாக்டர். "சார்ட்படி பார்த்தா வேற வழி இல்ல. இங்க கையெழுத்துப் போடுங்க."

இவோன் பேனாவை வாங்கினாள்.

"போடாதீங்க!" என்றாள் சுல்மா.

குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். கையிலிருந்த பை நழுவி ஒரு செருப்பு வெளியே விழுந்தது.

"சார்ட்ல எல்லாம் இல்ல. நான் அவருக்கு மாத்தே குடுத்தேன். ஏழு நாள். தினமும் ரெண்டு, மூணு வாட்டி. கெட்டி பண்ணாம. ஒவ்வொரு வாட்டியும் இருமினார். நான் யார்கிட்டயும் சொல்லல, எழுதவும் இல்ல."

டாக்டர் காகிதத்தைக் கட்டில்மேல் வைத்தார்.

"பால் குடிக்கும்போது இருமினாரா?"

"இல்ல, டாக்டர்."

"சூப்?"

"இல்ல. புதன்கிழமை சூப்பை நானே கலக்கினேன், சரியாத்தான் இருந்துது. மாத்தேக்கு மட்டும்தான் இருமல்."

"வெந்நீர்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார் டாக்டர். "நானும் காலையிலிருந்து அதைத்தானே உறிஞ்சிக்கிட்டிருக்கேன். என்ன குடிச்சார்னு நாலு பேரைக் கேட்டேன், மாத்தே குடிச்சாரான்னு கேக்க எனக்கும் தோணல."

இவோன் பேனாவை மூடியில் செருகினாள்.

"நேத்து உங்களைக் கேட்டேன், சுல்மா."

"கேட்டீங்க."

"மறந்து போயாவது குடுத்தீங்களான்னு கேட்டேன். உங்களை நம்பறேன்னு சொல்லிட்டுக் கேட்டேன்."

"பயந்துட்டேன். பொய் சொல்லிட்டேன்."

"உங்க பயத்துக்கு எங்கப்பா வயித்துல ஓட்டை போட இருந்தாங்க! தெரியுமா உங்களுக்கு?" இவோன் அழுதாள். சுல்மாவும் அழுதாள். இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளவில்லை. அதற்கு அங்கே இடமும் இல்லை.

கட்டிலிலிருந்து தட்தட் என்று சத்தம் வந்தது. தார்தோ இடது கையால் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் குனிந்து, அவர் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"சொல்லுங்க, தோன் தார்தோ. அவசரம் இல்ல. நான் எங்கயும் போகல."

"மாத்தே..." என்றார் தார்தோ. மூச்சு வாங்கினார். யாரும் அவருக்காக மீதியைச் சொல்லி முடிக்கவில்லை. மூன்று வாரத்தில் அது முதல் முறை. "மாத்தே... தப்பா... இறங்கும். பசை... சரியா... இறங்கும். எனக்கு... தெரியும்."

"தெரியுமா? அப்போ முன்னாடியே ஏன் சொல்லல?"

தார்தோ மகளைப் பார்த்தார், நோர்மாவைப் பார்த்தார், சுல்மாவைப் பார்த்தார். கடைசியில் டாக்டரைப் பார்த்தார்.

"யாரு... கேட்டா?"

டாக்டர் நிமிரவில்லை. கட்டில்மேல் இருந்த காகிதத்தை எடுத்து இரண்டாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். விழுங்கும் சோதனை செய்கிறவர் புதன்கிழமை வருவார், அதுவரைக்கும் ஆபரேஷன் பேச்சே வேண்டாம் என்றார். அதை இவோனிடம் சொல்லிவிட்டு, மறுபடி தார்தோவிடமும் சொன்னார்.

நோர்மா சுல்மாவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சனிக்கிழமையே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான்." சுல்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ரோஸ்மாரி பொடி போட்டேன்னு சொன்னா. உண்மையைத்தான் சொன்னா. அவளுக்கு என்ன நடந்துச்சுன்னு பார்த்துட்டு, பொடி போடாம குடுத்த நான் எப்படி நோர்மா உங்ககிட்ட வாயைத் திறப்பேன்?"

நோர்மா கோப்பைத் திறந்து பார்த்தாள், மூடினாள். ஐந்து கட்டம், அத்தனையிலும் கையெழுத்து. அதைவிடச் சுத்தமான சார்ட் அந்த ஊரில் கிடையாது.

"சமையல்கட்டு மேல எனக்குச் சந்தேகம் இருந்துது," என்றாள் மெதுவாக. "அந்தச் சந்தேகத்தைக் கூட நான் டாக்டர்கிட்ட சொல்லல. இல்லத்துக்குக் கெட்ட பேரு வரும்னு மறைச்சுட்டேன். சொல்லியிருந்தா, அவர் ட்யூப் பேச்சையே எடுத்திருக்க மாட்டார்." பிறகு எப்போதும் பேசுகிற குரலுக்குத் திரும்பினாள். "உன்னை என்ன பண்றதுன்னு நிர்வாகம்தான் முடிவு பண்ணும். நான் பண்ணினதையும் நானே எழுதிக் குடுக்கறேன்."

புதன்கிழமைச் சோதனையில் தார்தோ சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. தேன் பதத்தில் கொடுத்தது ஒழுங்காக வயிற்றுக்குப் போனது. மெலிந்த தண்ணீர் வழி தவறியது. ட்யூப் தேவைப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து, இளைத்துப்போய், அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தார். மாத்தேயையும் கெட்டி பண்ணிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாய் வைத்துவிட்டு, "மாடு கூட... வாங்காது," என்றார். கூடம் சிரித்தது. ஆனாலும் வட்டம் அவரிடம் வரும்போது நின்று போகிறது. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் குடுவை காத்திருக்கிறது.

சுல்மாவுக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன், அதோடு எழுத்தில் எச்சரிக்கை. வேலை போகவில்லை. தானாக வந்து சொன்னதால் என்று கடிதத்தில் இருந்தது. இரண்டு நாள் தாமதமாகச் சொன்னதால்தான் தண்டனை என்றும் அதே கடிதத்தில் இருந்தது. நோர்மாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. ரோஸ்மாரியைத் திரும்பக் கூப்பிட நோர்மா போனில் பேசினாள். ரோஸ்மாரி ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லார் முன்னாலயும் கழட்டச் சொன்னே, எல்லார் முன்னாலயும் வந்து கூப்பிடு," என்றாள். நோர்மா அவள் வீட்டுக்குப் போய், பேக்கரிக்காரன் பார்த்துக்கொண்டிருக்கத் தெருவில் நின்று கூப்பிட்டாள்.

சுல்மா வேலைக்குத் திரும்பிய அன்று நான்கு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். சமையல்கட்டிலிருந்து ரோஸ்மாரியும் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். சுல்மாவின் பக்கம் அவள் திரும்பவில்லை. மன்னிப்பு கேட்க சுல்மா இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். முதல் முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்தது, அவ்வளவுதான்.

நோர்மா புதுச் சார்ட்டை விரித்துக் காட்டினாள். "இப்போ ஒன்பது கட்டம். மாத்தேக்கு ஒண்ணு, வெளியிலேர்ந்து கொண்டு வர்றதுக்கு ஒண்ணு, இருமலுக்கு ஒண்ணு. கடைசிக் கட்டத்துல அவர் என்ன சொன்னார்னு அவரையே கேட்டு எழுதணும். இனிமே தப்பு வராது."

சுல்மா எழுந்தாள். "நோர்மா, கட்டத்துல இல்லாத ஒண்ணு. நாலாம் அறை அம்மாவுக்கு இன்னைக்குக் காலையில மாத்திரையை அரை மணி லேட்டா குடுத்தேன். மறந்துட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் ஆகல, கேட்டுட்டேன். ஆனா நீங்க தெரிஞ்சுக்கணும்."

எல்லோரும் நோர்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். நோர்மாவின் வாய் வழக்கமான வார்த்தைக்குத் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது.

"சரி," என்றாள் சிரமப்பட்டு. "நல்லவேளை சொன்னே. ஏன் லேட்டாச்சுன்னு உக்காந்து பார்ப்போம்."

நிலையிலிருந்து ரோஸ்மாரியின் குரல் வந்தது. இந்த முறை அவள் சுல்மாவைப் பார்த்தே பேசினாள், பிறகு நோர்மாவையும்.

"ஒன்பது இல்ல, தொண்ணூறு கட்டம் போடு நோர்மா, அதுவா அவரைக் காப்பாத்தப் போகுது? பார்த்தவ பயப்படாம உடனே சொல்லணும். தலைமையில இருக்கறவ கழுத்தைப் பிடிக்காம கேக்கணும். படுத்திருக்கறவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும். இந்த மூணுல ஒண்ணு தவறினாலும், அதுக்கு விலையா மூச்சைக் குடுக்கறது நீயும் இல்ல, நானும் இல்ல. அந்த நாற்காலியில இருக்கறவர்தான்."